‘தொடாதே’ என்று எழுதிய ஃபைலைத் திறந்து பாருங்கள்

பெஹாலா, கொல்கத்தா

சப்போர்ட், மெயின்டனன்ஸ் பிராஜெக்ட்களில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு,



பத்து, பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன நிரலை இன்றைக்கும் ஓட வைத்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். சோழிங்கநல்லூரில் இருக்கிறீர்கள், சிறுசேரியில் இருக்கிறீர்கள். இங்கே சால்ட் லேக் செக்டர் ஐந்திலும் நியூ டவுனிலும் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். வங்கியின் வட்டிக் கணக்கு, இன்சூரன்ஸ் கிளைம், மின் கட்டண ரசீது எல்லாம் உங்கள் கைவழியாகத்தான் போகின்றன. ஆனால் உங்கள் அலுவலகத்திலேயே உங்களைப் பற்றிய பேச்சு ‘சப்போர்ட்தானே’ என்பதோடு நின்றுவிடுகிறது. புது பிராஜெக்ட்டில் இருப்பவருக்குக் கைதட்டல். உங்களுக்கு நடுராத்திரி ஃபோன்.

இம்மடல் உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக எழுதப்படவில்லை. உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதை நீங்கள்தான் செய்ய முடியும். மேனேஜரோ கிளையன்ட்டோ கன்சல்டன்ட்டோ செய்ய முடியாது. உங்கள் பொறுப்பில் இருக்கும் நிரலில் எந்தப் பகுதி உளுத்துப்போயிருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பெஹாலாவிலிருந்து இதை எழுதக் காரணம் உண்டு. இந்தப் பகுதியை நகரத்தோடு இணைப்பது டயமண்ட் ஹார்பர் சாலை. அந்தச் சாலையில் மாஜேர்ஹாட் பாலம் இருந்தது. அரை நூற்றாண்டு வயது. 2018 செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை மாலை, வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போதே அதன் ஒரு பகுதி அப்படியே கீழே இறங்கியது. மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் மேல் தார் தேய்ந்தபோதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுவந்ததால் பாலம் சுமக்க வேண்டிய எடை ஏறிக்கொண்டே போனது என்று நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். மேலே பார்த்தால் வழவழப்பான சாலை. கீழே களைத்துப்போன கான்கிரீட். தலைமைச் செயலர் தலைமையிலான குழுவின் அறிக்கை வந்ததும், பொதுப்பணித் துறை பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று முதலமைச்சர் மம்தா பானர்ஜி சொன்னார். பாலம் பலவீனமானது துறைக்கு முன்பே தெரியும். பழுதுபார்க்கும் டெண்டர்தான் இழுத்துக்கொண்டு கிடந்தது. புதுப் பாலம் 2020 டிசம்பர் 3 அன்றுதான் திறக்கப்பட்டது. அதுவரை இரண்டேகால் வருடம் பெஹாலாக்காரர்கள் சுற்றுவழியில் போய்வந்தார்கள்.

உங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். டிக்கெட் வருகிறது. இரண்டு மணி நேர எஸ்.எல்.ஏ. காரணத்தைத் தோண்ட நேரமில்லை. பழைய கண்டிஷனைத் தொடாமல் மேலே இன்னொரு கண்டிஷன் போடுகிறீர்கள். டிக்கெட் குளோஸ். தார் மேல் தார்.

எடை எங்கே ஏறுகிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. அவை ஆராய்ச்சிக்காரர்கள் அறையில் உட்கார்ந்து கற்பனை செய்தவை கிடையாது.

டேவிட் பார்னஸ் என்ற கணினி அறிஞர் 1994இல் மென்பொருளின் முதுமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிரல் இரண்டு விதமாக மூப்படைகிறது என்பது அவர் கணிப்பு. உலகம் மாறும்போது தான் மாறாமல் நிற்பது ஒன்று. மூல வடிவமைப்பு தெரியாதவர்கள் கைவைத்துக் கைவைத்து மாற்றுவது மற்றொன்று. முன்னதில் தொடாததால் கெடுகிறது; பின்னதில் தொட்டதால் கெடுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் உங்கள் சிஸ்டத்தில் எந்தப் பகுதிக்கு எந்த நோய் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

தொட்டதால் கெடுவதைக் கண்டுபிடிக்க உங்களிடமே சாட்சி இருக்கிறது: மாற்றங்களின் வரலாறு. ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் உருவாக்கி, பின்னர் லூசென்ட்டிடம் போன 5ஈ.எஸ்.எஸ். தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருளை ஸ்டீபன் ஐக்கும் நால்வரும் ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அது சுமார் 10 கோடி வரி நிரல். பதினைந்து வருட மாற்றங்கள் ஒன்றுவிடாமல் பதிவாகியிருந்தன. நிரல் சிதைகிறது என்பதற்கு அவர்கள் கண்ட சான்றுகளில் ஒன்று எளிமையானது. வருடம் ஏற ஏற, ஒரு மாற்றத்தைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட ஃபைல்களைத் தொட வேண்டிவருவது கூடிக்கொண்டே போனது. ஆரம்பத்தில் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்த சுவர்கள் கரைந்துவிட்டன என்று அதற்குப் பொருள்.

இதை நீங்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம். கிட் இருந்தால் கடந்த பன்னிரண்டு மாதக் கமிட்களை எடுத்து, எந்த ஃபைல் எத்தனை முறை தொடப்பட்டது என்று வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் இருபது பெயர்கள் போதும். பிறகு எந்த ஃபைல்கள் எப்போதும் ஜோடியாகவே மாறுகின்றன என்று பாருங்கள். ‘வாடிக்கையாளர் முகவரி’யை மாற்றினால் ‘வட்டிக் கணக்கீடு’ம் மாற வேண்டியிருக்கிறதா? அவை இரண்டும் எங்கோ ஒரு குளோபல் வேரியபிள் வழியாகக் கைகோத்திருக்கின்றன. அந்த இடத்தைக் குறித்துவையுங்கள். நீளமான ஃபைல் எல்லாம் ஆபத்தானது என்று எண்ண வேண்டாம். ஐயாயிரம் வரி இருந்தும் ஆறு வருடமாக யாரும் தொடாத ஃபைல் அங்கேயே நிம்மதியாகக் கிடக்கட்டும். நீளமாகவும் இருந்து, மாதம் நான்கு முறை தொடப்பட்டு, தொட்ட ஒவ்வொரு முறையும் வேறு ஆள் தொட்டிருந்தால் அதுதான் உங்கள் மாஜேர்ஹாட்.

அடுத்தது செத்த நிரல். இதற்கு உலகம் கண்ட மிகக் கசப்பான பாடம் நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். அதன் ஆர்டர் அனுப்பும் மென்பொருளில் ‘பவர் பெக்’ என்ற வசதி இருந்தது. 2003இலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிரலை நீக்கவில்லை. 2005இல், எத்தனை பங்கு வாங்கியாயிற்று என்று எண்ணி ஆர்டரை நிறுத்தும் பகுதியை வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். பவர் பெக் இன்னும் சரியாக நிற்குமா என்று சோதித்துப் பார்க்கவில்லை. பயன்படுத்தாததை ஏன் சோதிக்க வேண்டும்? 2012இல் புது வசதி ஒன்று சேர்த்தபோது, பவர் பெக்கை இயக்கிய அதே ஃப்ளாகை அதற்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புது நிரல் போனது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்தது. எட்டாவது சர்வரில் ஒன்பது வருடம் உறங்கிய பவர் பெக் எழுந்துகொண்டது. 212 சிறு ஆர்டர்களை நிறைவேற்றப் புகுந்து, 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் வர்த்தகங்களை நடத்திவிட்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதில் உங்கள் கவனத்துக்குரிய இரண்டு விஷயங்கள் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவில் இருக்கின்றன. ஒன்று: சந்தை திறப்பதற்கு முன்பே, ‘பவர் பெக் டிசேபிள்ட்’ என்ற பிழைக் குறிப்போடு 97 மின்னஞ்சல்கள் அந்த நிறுவன ஊழியர்களுக்குப் போயிருந்தன. யாரும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு: பதற்றத்தில், சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்து புது நிரலை நீக்கினார்கள். அவற்றிலும் பவர் பெக் கண் விழித்தது.

உங்கள் இன்பாக்ஸில் ‘ரூல்’ போட்டுத் தனி ஃபோல்டருக்கு அனுப்பிவைத்திருக்கும் தானியங்கி மின்னஞ்சல்கள் எத்தனை? அந்த ஃபோல்டரை ஒருநாள் திறந்து பாருங்கள். தினமும் வந்து, யாரும் படிக்காத எச்சரிக்கை சிதைவின் தெளிவான அறிகுறி.

‘அப்படியானால் பயன்படாததை எல்லாம் அழித்துவிடுகிறோம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். செத்ததும் உறங்குவதும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். நம் ஊர் பில்லிங் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்கத்தில் 2005 ஏப்ரலில் வாட் வந்தது; தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 விகிதங்களில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5, 18 விகிதங்களுக்கு மாறின. வரி கணக்கிடும் ஃபங்ஷனைத் திறந்தால் இந்த வரலாறு முழுவதும் அடுக்கடுக்காகக் கிடக்கும். மேலே ‘வாட்’ என்று தொடங்கும் வேரியபிள், அதற்குள் இப்போது ஜி.எஸ்.டி. தொகை. நடுவே ‘தேதி இதற்கு முன் என்றால்’ என்று ஒரு கண்டிஷன். அதற்குள் ஒரு குறிப்பிட்ட கடைக்காரருக்கு மட்டும் என்று ஒரு விதிவிலக்கு. அந்தக் கடையே மூடியாயிற்று. கீழே 12 என்ற எண், எந்த விளக்கமும் இல்லாமல், ஏழு இடத்தில் நேரடியாக எழுதப்பட்டிருக்கும்.

இதில் எது செத்தது? கடைக்காரரின் விதிவிலக்கு செத்தது, அழிக்கலாம். 12 செத்ததா? இல்லை. செப்டம்பர் 22க்கு முன் விற்ற சரக்கு அதற்குப் பிறகு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போட வேண்டும். மூன்று மாத லாகைப் பார்த்து ‘இந்த வரி ஓடவே இல்லை’ என்று தீர்ப்பு எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நம் நாட்டுச் சிஸ்டங்களில் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் விழிக்கும் நிரல் நிறைய: மார்ச் 31 கணக்கு முடிப்பு, பூஜை போனஸ், தீபாவளி அட்வான்ஸ். நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரி 29. ஆகவே சந்தேகத்துக்குரிய ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு லாக் போடுங்கள். ஒரு முழு நிதியாண்டு கவனியுங்கள். பிறகு பிசினஸ் ஆட்களிடம் கேளுங்கள். அதன்பின் அழியுங்கள். கமென்ட் போட்டு மறைத்துவைக்க வேண்டாம். பழையது வேண்டுமானால் கிட்டில் இருக்கிறது.

தொடாததால் கெடுவது வேறு கதை. நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. அது நிற்கும் தரை நகர்ந்திருக்கும். கோரமண்டல் எக்ஸ்பிரஸிலும் ஹவுரா மெயிலிலும் ஊருக்குப் போகும் கொல்கத்தாத் தமிழர்கள் எல்லோரும் நம்பியிருப்பது ரயில்வேயின் பயணிகள் முன்பதிவு அமைப்பை. இப்போதைய அமைப்பு 2010இல் நிறுவப்பட்டது என்றும், ஐடேனியம் சர்வர்களிலும் ஓபன் வி.எம்.எஸ். இயங்குதளத்திலும் ஓடுகிறது என்றும், அதைப் புதுத் தொழில்நுட்பத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்றும் ரயில்வே அமைச்சர் 2025இல் நாடாளுமன்றத்தில் தந்த பதிலில் சொன்னார். ஐடேனியம் சிப்பை அனுப்புவதை இன்டெல் 2021 ஜூலையோடு நிறுத்திவிட்டது. நிரல் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அது ஓடும் இயந்திரத்துக்குப் புது உதிரி இனி வராது. இதற்கிடையே விதிகளும் நிற்பதில்லை. 120 நாள் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆனது. இந்தச் சிக்கலை அமைச்சகமே வெளிப்படையாக எழுதிவைத்திருப்பது நல்ல விஷயம். உங்கள் சிஸ்டத்தைப் பற்றி அப்படி ஒரு பத்தி எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?

எந்த லைப்ரரி எந்த வெர்ஷன், அதற்கு ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்தது. அதில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று உங்கள் இரவு நேர பேட்ச் ஜாபில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நேரத்தை 32 பிட் எண்ணில் வைத்திருக்கும் நிரல் எது என்றும் தேடுங்கள். அந்த எண் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8.44.07 மணிக்கு நிரம்பிவிடும். ‘அதற்கு இன்னும் காலம் கிடக்கிறது’ என்பீர்கள். இன்று ஒருவருக்கு இருபது வருட வீட்டுக் கடன் கொடுத்தால் கடைசித் தவணைத் தேதி 2038ஐத் தாண்டுகிறது. அந்தக் கணக்கு இன்றைக்கே தேவை.

நம் மொழியிலேயே ஒரு சான்று இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய எழுத்துருக் குறியீடுகளில் பதிவான பெயர்களும் ஊர்களும் பல பழைய தரவுத்தளங்களில் இன்னும் இருக்கின்றன. அத்தகைய சிஸ்டத்தில் தமிழை மாற்றிக் காட்டும் கன்வெர்ட்டர் எத்தனை என்று எண்ணுங்கள். திரைக்கு ஒன்று, பிரிண்டுக்கு ஒன்று, எஸ்.எம்.எஸ்.க்கு ஒன்று என மூன்று இருந்தால், ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக வரும் நாள் வந்தே தீரும். ஒரே வேலையைச் செய்ய ஒரு சிஸ்டத்தில் மூன்று ஃபங்ஷன் இருப்பது, நடுவில் வந்தவர்கள் முதலாவதைத் தொடப் பயந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். சிதைவை அளக்கும் கருவிகளில் மலிவானது மனிதப் பேச்சு. ‘அந்த மாட்யூலா? அது அவருக்குத்தான் தெரியும்.’ ‘மாசக் கடைசில ஒரு ரீஸ்டார்ட் குடுத்தா சரியாயிடும்.’ ‘அந்த டெஸ்ட் எப்பவுமே ஃபெயில் ஆகும், கண்டுக்காதீங்க.’ ‘கே.டி.ல அதைச் சொல்லல.’ இப்படி ஒரு வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வரலாற்றில் ‘ரீஸ்டார்ட் செய்யப்பட்டது’ என்று முடிந்தவற்றைத் தேடி எடுங்கள். நிரலில் ‘டூ நாட் டச்’ என்று கமென்ட் எழுதிய இடங்களைத் தேடி எடுங்கள். அதை எழுதியவர் உங்களை மிரட்ட எழுதவில்லை. அவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

பழசு எல்லாம் சிதைவு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹவுரா பாலம் 1943இல் திறக்கப்பட்டது, மாஜேர்ஹாட்டைவிட மூத்தது. அதன் தூண்களின் அடியில் இரும்பு உறைகள் இருக்கின்றன. போகிறவர் வருகிறவர் துப்பும் பான், குட்கா எச்சில் பட்டு, 6 மில்லிமீட்டர் தடிமன் 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருப்பதைத் துறைமுகப் பொறியாளர்கள் அளந்து கண்டார்கள். ஃபைபர் கிளாஸ் உறை போட்டுப் பாதுகாத்தார்கள். யாரோ ஒருவர் அளவுகோலோடு போய்க் குனிந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது. உங்கள் கோபோல் நிரல் நாற்பது வருடமாக ஒழுங்காகக் கணக்குப் போடுகிறதென்றால், அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் இருந்து, அதற்கு டெஸ்டும் இருந்தால், அதை ‘லெகசி’ என்று கேலி செய்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். போன வருடம் எழுதி, எழுதியவர் நோட்டீஸ் கொடுத்துப் போய்விட்ட மைக்ரோ சர்வீஸ்தான் அதைவிடச் சிதைந்திருக்கும்.

எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாக எழுதுவோம் என்ற ஆசையும் வேண்டாம். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் பழைய தளத்திலிருந்து தன் வாடிக்கையாளர்களை ஒரு வார இறுதியில் மொத்தமாகப் புதுத் தளத்துக்கு மாற்றியது. பத்தொன்பது லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டன. இப்போதைய நிலை என்னவென்று தெரியாமல் செய்யும் மாற்றம் பழைய சிதைவைப் புது வீட்டுக்குக் குடியேற்றும், அவ்வளவுதான்.

உங்கள் மனக்குறைகள் நியாயமானவை. ‘ஓடுதுல்ல, எதுக்குத் தொடுற?’ என்று மேனேஜர் கேட்கிறார். சுத்தம் செய்யும் நேரத்துக்கு கிளையன்ட் பில் ஏற்க மாட்டார். அப்ரைசலில் குளோஸ் செய்த டிக்கெட்டுக்கு எண் உண்டு; வராமல் தடுத்த டிக்கெட்டுக்கு எண் இல்லை. கைவைத்து ஏதாவது உடைந்தால் உங்கள் பெயர் மெயிலில் சிவப்பாக வரும். கைவைக்காமல் உடைந்தால் ‘லெகசி இஷ்யூ’. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் சும்மா இருப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் உடையும் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யார் எச்சரித்தார்கள் என்ற கேள்வி முதலில் வரும். கேன்டீனில் சொன்னதும் கே.டி. அழைப்பில் சொன்னதும் கணக்கில் சேராது. எழுத்தில், தேதியோடு, உரியவருக்குப் போனது மட்டும்தான் சேரும். மாஜேர்ஹாட்டிலும் பழுது பற்றிய தகவல் இருந்தது. வண்டிகளை நிறுத்த வேண்டிய நாள் எது, நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்பதுதான் முடிவாகவில்லை.

அதே கொல்கத்தாவில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. மாஜேர்ஹாட் விழுந்தபின் நகரத்தின் மற்ற பாலங்களைச் சோதித்தார்கள். வடக்கே டாலா பாலம் தாங்காது என்று தெரிந்தது. 2019 செப்டம்பரில், துர்கா பூஜை நெருங்கும் நேரத்தில், பேருந்தும் லாரியும் அதில் ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள். பூஜைக் கூட்டத்தில் வட கொல்கத்தா திண்டாடியது. ஏச்சும் பேச்சும் வாங்கினார்கள். 2020 தொடக்கத்தில் பாலத்தை முழுவதும் மூடி இடித்தார்கள். 2022 செப்டம்பரில் புதுப் பாலம் திறந்தது. டாலா பாலம் இடிந்து விழுந்து யாரும் சாகவில்லை.

எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும் என்பதற்கு நம் நாட்டு ஏ.டி.எம்.களே பாடம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். அதன்பின் நான்கு வருடம் ஆகியும் பல ஏ.டி.எம்.கள் அதிலேயே ஓடின. ரிசர்வ் வங்கி 2018 ஜூன் சுற்றறிக்கையில் படிப்படியான கெடு வைத்தது: செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் அத்தனையும். ‘விரைவில் மேம்படுத்தவும்’ என்று பொதுப்படையாக எழுதியிருந்தால் இன்னும் எத்தனை நாள் இழுத்திருக்கும்?

ஆகவே கோரிக்கை இதுதான். உங்கள் சிஸ்டத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரே பக்கம், நாற்பது ஸ்லைடு வேண்டாம். அதில் ஐந்து இடங்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபைல் அல்லது ஜாபின் பெயர், அது உளுத்திருக்கிறது என்பதற்கான சான்று, உடைந்தால் யாருக்கு என்ன நிற்கும் என்பது, சரிசெய்ய எத்தனை ஆள் எத்தனை நாள், எந்தத் தேதிக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்பது. சான்று எண்ணாக இருக்கட்டும்: வருடத்தில் இத்தனை முறை தொடப்பட்டது, இத்தனை டிக்கெட் ரீஸ்டார்ட்டில் முடிந்தது, ஆதரவு இந்தத் தேதியில் முடிந்தது. ‘கோட் குவாலிட்டி சரியில்லை’ என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். ‘மார்ச் 31 இரவு இந்த ஜாப் நின்றால் ஏப்ரல் 1 காலை கிளையில் வட்டி ஏறாது’ என்று எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தை, பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு மெயிலில் அனுப்புங்கள். டீம் லீடுக்கு மட்டும் அனுப்பி நிறுத்தாதீர்கள். ‘ஏற்கிறோம்’, ‘இந்தத் தேதிவரை தள்ளிவைக்கிறோம்’, ‘தேவையில்லை’ என்ற மூன்றில் ஒன்றைப் பதிலாகக் கேளுங்கள். ‘தேவையில்லை’ என்று வந்தாலும் பரவாயில்லை. முடிவு எடுத்தவர் யார் என்பது பதிவாகிவிட்டது. பதில் வரும்வரை உங்கள் கையில் இருக்கும் அதிகாரத்துக்குள் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: அடுத்த டிக்கெட்டுக்காகத் தொடும் ஃபங்ஷனுக்கு ஒரு டெஸ்ட் எழுதிவிட்டுத் தொடுங்கள்.

தனியாகச் செய்யத் தயங்கினால் குழுவாகச் செய்யுங்கள். கே.டி. எடுக்க வரும் புதுப் பிள்ளைகளை உட்காரவைத்து இருபது ஃபைல் பட்டியலை அவர்கள் கையால் எடுக்கச் சொல்லுங்கள். சிஸ்டத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. வேலையை விட்டுப் போகிறவர் இருந்தால், நோட்டீஸ் காலத்தின் முதல் வாரத்திலேயே அவரிடம் கேளுங்கள்: ‘எந்த ஃபைலைத் தொட நீங்களே பயப்படுவீர்கள்?’ கடைசி நாள் கேக் வெட்டும் நேரத்தில் கேட்டால் பதில் கிடைக்காது.

இந்த நிதியாண்டு முடிவதற்குள் அந்த முதல் பக்கத்தை அனுப்பிவிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றால், அதே பக்கத்தில் எண்களைப் புதுப்பித்து, முதல் மெயிலின் மேலேயே மறுபடி அனுப்புங்கள். மூன்றாவது மாதமும் அனுப்புங்கள்.

அன்புடன்,
மாஜேர்ஹாட் பாலத்துக்குத் தெற்கே குடியிருக்கும் ஒரு தமிழ் வாசகர்